காலனி கால அமெரிக்காவின் அடிமைகளும் ஒப்பந்தக் கூலிகளும்: பட்டியலில் இருக்கும் பெயருக்குப் பின்னால் போவது எப்படி?

ரிச்மண்ட் வாணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வர்ஜீனியா மாநில நூலகம் தன்னிடம் உள்ள பழைய கோர்ட்டு காகிதங்களை ஸ்கேன் செய்து வலையில் போட்டு, அந்தக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்துதரப் பொதுமக்களை அழைக்கிறது. நானும் சேர்ந்து கொஞ்ச காலமாகச் செய்துவருகிறேன். எனக்கு அதிகம் வருவது 1700களின் சொத்துப் பட்டியல்கள். தோட்ட முதலாளி ஒருவர் இறந்ததும் அக்கம்பக்கத்து ஆட்கள் சிலர் வந்து, வீட்டில் இருப்பதையெல்லாம் மதிப்பிட்டு எழுதிக் கோர்ட்டில் கொடுப்பார்கள். இறகு மெத்தை, இரும்புச் சட்டி, கறவை மாடு, அப்புறம் மனிதர்கள். ஒரு பெண்ணின் பெயர், எதிரே பவுண்டுக் கணக்கில் விலை. அடுத்த வரியில் அவளுடைய குழந்தை, அதற்குத் தனி விலை. வயதாகி உழைக்க முடியாதவர்களுக்கு நேரே சில சமயம் பூஜ்யம். சில பட்டியல்களில் ஒப்பந்தக் கூலியாக, அதாவது கப்பல் கூலிக்கு ஈடாகச் சில வருஷம் உழைக்க ஒப்புக்கொண்டு, இங்கிலாந்திலிருந்து வந்த வேலைக்காரன் ஒருவனும் இருக்கிறான். அவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி என்று குறித்து, அந்த இரண்டு வருஷத்துக்கு ஒரு விலை போட்டிருக்கிறார்கள்.

தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக மனசு வரவில்லை. இவர்கள் எங்கிருந்து வந்தார்கள், யாரோடு வாழ்ந்தார்கள், அந்தக் குழந்தை பிறகு யாரிடம் போனது? இதையெல்லாம் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? ஆவணம், குடும்ப வரலாறு இவற்றில் பழக்கம் உள்ளவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். சொல்லுங்கள்.

ஆவணக்காரன் எழுதியது:

வாணி அம்மா, வழி இருக்கிறது. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்கள் வேர் தேடும்போது 1870 மக்கள்தொகைக் கணக்கோடு முட்டி நின்றுவிடுவது வழக்கம். அதற்கு முந்தைய 1850, 1860 கணக்குகளில் அடிமைகளை முதலாளி பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். பெயர் அநேகமாக இருக்காது. நீங்கள் இருக்கும் காலமோ அதற்கும் முந்தையது. நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பே 1790-ல்தான். ஆகவே ஒரே பெரிய பதிவேட்டில் தேடி எடுப்பது நடக்காது. பல சின்னக் காகிதங்களில் ஒரே ஆள் வருவதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு காகிதத்தையும் கையில் எடுக்கும்போது, இதை யார் எதற்காக எழுதினார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவில் 1618 முதல் ஒரு ஆளைக் கப்பல் கூலி கொடுத்துக் கூட்டிவந்தால் 50 ஏக்கர் நிலம். நிலம் கேட்டவர் தான் கூட்டிவந்தவர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். அப்படித்தான் ஆயிரக்கணக்கான ஏழைகளின் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர்களை நினைவில் வைக்க யாரும் எழுதவில்லை, நிலத்துக்காக எழுதினார்கள். 1619-ல் அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் வர்ஜீனியாக் கரையில் பாயின்ட் கம்ஃபர்ட்டில் இறக்கப்பட்டபோது, அந்தக் காலனியில் இருந்த ஜான் ரால்ஃப் எழுதிய கடிதத்தில் அவர்கள் 'இருபது சொச்சம் பேர்' மட்டுமே. ஒரு பெயரும் இல்லை. பெயர்கள் சில வருஷம் கழித்துத்தான் வருகின்றன. 1625-ல் காலனி வீடுவீடாக எடுத்த கணக்கில் பார்க்கலாம். ஜேம்ஸ்டவுனில் கேப்டன் வில்லியம் பியர்ஸ் வீட்டில் ஏஞ்செலா. எலிசபெத் சிட்டியில் கேப்டன் டக்கர் வீட்டில் அந்தோனி, இசபெல், ஞானஸ்நானம் பெற்ற அவர்கள் பிள்ளை வில்லியம். அந்தப் பிள்ளையின் பெயரைப் படிக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம் வரி. 1643 முதல் ஆப்பிரிக்கப் பெண்களுக்கும் தலைவரி உண்டு. வெள்ளைக்காரப் பெண்களுக்குக் கிடையாது. அதனால் வரிப் பட்டியலில் ஆப்பிரிக்கப் பெண்களின் பெயர் கிடைக்கும், அதே வீட்டு எஜமானியின் பெயர் கிடைக்காமல் போகும். எந்த வயதிலிருந்து வரி என்பதும் சட்டத்தில் இருந்ததால், 1680-லிருந்து கப்பலில் வந்த ஆப்பிரிக்கச் சிறுவர்களைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தி, நீதிபதிகள் ஆளைப் பார்த்தே வயது தீர்மானிக்க வேண்டும் என்று ஆனது. கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) கோர்ட்டின் உத்தரவுப் புத்தகங்களில் அந்தப் பதிவுகள் இருக்கின்றன: இன்னாருடைய அடிமைப் பையன், வயது பத்து என்று தீர்மானிக்கப்பட்டது. ஒப்பந்தப் பத்திரம் இல்லாமல் வந்த இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கும் இதே நடைமுறை உண்டு. அவர்கள் எத்தனை வருஷம் உழைக்க வேண்டும் என்பது அந்த வயதைப் பொறுத்தது. கப்பலை விட்டு இறங்கிக் கொஞ்ச நாளில் ஒரு குழந்தை அதிகாரிகள் முன்னால் நின்ற தருணம் அது. உங்கள் சொத்துப் பட்டியலில் உள்ள பெயர் அங்கே கிடைத்தால், கப்பல் வந்த காலத்தையே நெருங்கிவிடலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 1752-க்கு முன்னால் ஆங்கிலேயருக்குப் புது வருஷம் மார்ச் 25-ல் பிறந்தது. பிப்ரவரி 1712 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1713. இதைக் கவனிக்காவிட்டால் தாய்க்கு முன்னே பிள்ளை பிறந்துவிடும்.

கோவை இளவரசு எழுதியது:

நல்ல இழை. ஒரு சந்தேகம் கேட்கலாமா? முகநூலில் 'ஐரிஷ்காரர்களும் அமெரிக்காவில் அடிமைகளாகத்தான் இருந்தார்கள்' என்று ஒரு படம் அடிக்கடி சுற்றுகிறது. ஒப்பந்தக் கூலி என்றதும் எனக்கு நம் ஆட்கள் மொரீஷியஸ், மலேயா, நேட்டால் போனதுதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் இருந்ததும் அந்த மாதிரிதானா? அடிமைக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்?

பால்டிமோர் தேவகி எழுதியது:

இளவரசு தம்பி, அந்தப் படம் இரண்டு தரப்புக்கும் அநியாயம் செய்கிறது. ஒப்பந்தக் கூலிகளின் துயரம் உண்மை. ஆனால் அது அடிமைத்தனம் அல்ல.

முதலில் துயரத்தைச் சொல்கிறேன். 1756 செப்டம்பரில் மேரிலாந்திலிருந்து எலிசபெத் ஸ்ப்ரிக்ஸ் என்ற பெண் லண்டனில் இருந்த அப்பாவுக்குக் கடிதம் எழுதினாள். இரவும் பகலும் உழைப்பு, கட்டிவைத்து அடி, தின்ன மக்காச்சோளமும் உப்பும், காலில் செருப்பு இல்லை, ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு தரையில் படுக்கை, தயவுசெய்து கொஞ்சம் துணி அனுப்புங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். அந்தக் கடிதம் அப்பாவிடம் போய்ச் சேரவே இல்லை. கடற்படை நீதிமன்றத்துக் காகிதங்களோடு கலந்து இன்று லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால், 1623-ல் ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்ற பையன் வர்ஜீனியாவிலிருந்து, பட்டாணியும் கூழும் தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை, என்னை மீட்டுக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்கு எழுதினான்.

இப்போது வித்தியாசம். 1640-ல் வர்ஜீனியாவில் மூன்று வேலையாட்கள் ஒரே முதலாளியிடமிருந்து ஒன்றாகத் தப்பி மேரிலாந்துக்குப் போய்ப் பிடிபட்டார்கள். டச்சுக்காரர் ஒருவர், ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கர். மூவருக்கும் சவுக்கடி. ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதலாகச் சில வருஷ வேலை. ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுக்க. செய்த காரியம் ஒன்று, தீர்ப்பு இரண்டு.

1656-ல் எலிசபெத் கீ, தன் தகப்பன் ஆங்கிலேயன், தான் ஞானஸ்நானம் பெற்றவள் என்று வாதாடி விடுதலை வாங்கினாள். ஆறே வருஷத்தில், 1662-ல், பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த முதலாளி ஒரு அடிமைப் பெண்ணிடம் பிள்ளை பெற்றாலும் அந்தப் பிள்ளை அவன் சொத்து. ஒப்பந்தக் கூலிக்கு நாலு முதல் ஏழு வருஷத்தில் முடிவு உண்டு. கோர்ட்டில் முதலாளி மேல் புகார் கொடுக்க வழி உண்டு. பிள்ளைகளுக்கு அது பரம்பரையாகப் போகாது. நிறையப் பேர் அந்த முடிவைப் பார்க்காமலே காய்ச்சலில் செத்தார்கள், அதுவும் உண்மைதான். ஆனாலும் முடிவு என்று ஒன்று எழுதப்பட்டிருந்தது.

நம் ஆட்களின் ஒப்பந்த முறை 19-ஆம் நூற்றாண்டில், அடிமை முறை ஒழிந்த தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க வந்தது. அமெரிக்காவில் வரிசை வேறு: ஒப்பந்தக் கூலி முதலில், அடிமை முறை அதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

தேடுவதற்கு ஒரு குறிப்பும் தருகிறேன். ஒப்பந்தக் கூலிகளைப் புறப்பட்ட துறைமுகத்திலிருந்தே பிடிக்கலாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் 1654 முதல் 1686 வரை கப்பலேறியவர்களைப் பதிவேட்டில் எழுதிவைத்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. 1718-க்குப் பிறகு குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி நாடு கடத்தப்பட்டவர்கள் 50,000 பேர் அளவில் அமெரிக்கா வந்தார்கள். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்ற வழக்குகள் இப்போது வலையில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கைக்குட்டையைத் திருடியதற்காக வந்தவரின் வழக்கையே வரிக்கு வரி படிக்கலாம்.

கடல்வழி எழுதியது:

தேவகி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அடிமையாக இருந்தவர்களின் முகம், நடை, பேச்சு தெரியவேண்டும் என்றால் ஓடிப்போனவர்களைப் பற்றிய பத்திரிகை விளம்பரங்களைப் படியுங்கள். 'வர்ஜீனியா கெசட்' 1736-லிருந்து வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட விளம்பரங்களைத் திரட்டி ஒரு தரவுத்தளமே வைத்திருக்கிறார்கள்.

1761 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் 'மேரிலாந்து கெசட்'டில் கொடுத்த விளம்பரத்தைப் பாருங்கள். பெரோஸ், ஜாக், நெப்டியூன், கியூபிட் என்று நாலு பேர் அவருடைய டோக் ரன் பண்ணையிலிருந்து போய்விட்டார்கள். ஜாக்கின் இரு கன்னங்களிலும் அவன் நாட்டு வழக்கப்படி கீறிய தழும்புகள். நெப்டியூனுக்கு அராவிக் கூராக்கிய பற்கள். நெப்டியூனும் கியூபிடும் இரண்டே வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்கக் கப்பலிலிருந்து வாங்கப்பட்டவர்கள், ஆங்கிலம் சரியாக வராது. பெரோஸ் நன்றாகப் பேசுவான். யாரும் அவர்களைக் கோபப்படுத்தவில்லை, ஒரு சச்சரவும் நடக்கவில்லை என்று வாஷிங்டன் எழுதுகிறார். அவர் நம்பி எழுதியிருக்கலாம். நாலு பேர் சேர்ந்து கிளம்பியதிலிருந்து நமக்குத் தெரிவது வேறு. ஊரில் பழகியவனும் மொழி தெரியாத புதியவர்களும் ஒன்றாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். எந்தப் பண்ணைக் கணக்கிலும் இப்படி ஒரு நட்பு எழுதப்பட்டிருக்காது.

அதே வாஷிங்டன் 1775 ஏப்ரலில் இரண்டு வெள்ளைக்கார ஒப்பந்த ஆட்களுக்கும் விளம்பரம் கொடுத்தார். தாமஸ் ஸ்பியர்ஸ், பிரிஸ்டலில் பிறந்த தச்சர். வில்லியம் வெப்ஸ்டர், ஸ்காட்லாந்துக்காரர், செங்கல் அறுப்பவர். ஒரே தோட்டத்திலிருந்து இரண்டு வகை மனிதர்களும் ஓடியிருக்கிறார்கள். ஆனால் வெள்ளைக்காரர் பக்கத்து ஊருக்குப் போய் வேறு பெயரில் வேலை பார்க்கலாம். கன்னத்துத் தழும்போடு போகிறவனை முதல் சாலையிலேயே நிறுத்திக் கேட்பார்கள்.

பெயர்களைப் பற்றியும் ஒன்று. நெப்டியூன், கியூபிட் எல்லாம் அவர்கள் அம்மா வைத்தவை அல்ல. வர்ஜீனியாவின் பெரிய முதலாளி ராபர்ட் கார்ட்டர் 1727-ல் தன் கங்காணிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: புதிதாக வந்தவர்களுக்கு நான் பெயர் வைத்துவிட்டேன், திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கியதால் இப்போது கூப்பிட்டால் பதில் சொல்கிறார்கள் என்று. அதனால் பட்டியல்களில் ஒரு ஆப்பிரிக்கப் பெயரோ, அதன் சிதைந்த வடிவமோ தென்பட்டால் விடாதீர்கள், வாணி. யாரோ அதை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.

பொறையார் செல்வன் எழுதியது:

இந்த இழையில் யாரும் இன்னும் சொல்லாதது, அந்த விளம்பரங்களில் நம் நாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்! 1768-ல் 'வர்ஜீனியா கெசட்'டில் தாமஸ் கிரீன்விச் என்ற 'கிழக்கிந்திய' வேலையாள் ஓடிவிட்டதாக விளம்பரம். நீண்ட கருங்கூந்தல், ஒல்லியான முகம், பளிச்சென்ற வெள்ளைப் பற்கள் என்று அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். 1776 ஜூலை 13-ல் ஜான் நியூட்டன் என்ற இருபது வயது இளைஞன். பிறப்பால் ஆசிய இந்தியன், பத்து வருஷம் இங்கிலாந்தில் ஒரு பிரபு வீட்டில் இருந்தவன், வர்ஜீனியா வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, நன்றாக முடி திருத்துவான். அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து பத்து நாள்கூட ஆகவில்லை, அவனும் கிளம்பிவிட்டான்.

எல்லோருக்கும் முன்னால் 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் நிலம் கேட்டுக் கொடுத்த பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கிடங்குகள் சோழமண்டலக் கரையில் இருந்த காலம் அது. மசூலிப்பட்டணம் 1611-லேயே வந்துவிட்டது. டோனி தமிழனாகத்தான் இருக்க வேண்டும் என்று என் உள்மனசு சொல்கிறது. நாமே இதை ஊருக்குச் சொல்ல வேண்டாமா?

ஆவணக்காரன் எழுதியது:

செல்வன், டோனியை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். ஆனால் தமிழன் என்று எழுதாதீர்கள். கம்பெனிக்கு அப்போது சூரத்திலும் கிடங்கு இருந்தது. போர்ச்சுகீசியர் கோவா, வங்காளம், மலபார் என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுபோனார்கள். கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து போனவர்களையும் இதே பெயரில் எழுதியிருக்கிறார்கள். டோனி எங்கே பிறந்தார் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. ஒரு மனிதரின் பெயரை ஒருமுறை பறித்துவிட்டார்கள். ஊரை நாமாகக் கொடுத்தால் அதுவும் அவருடையது ஆகாது.

உறுதியாகச் சென்னைக்காரர் என்று தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன், காலனி காலம் முடிந்த பிறகுதான். 1790 டிசம்பரில் மாசசூசெட்ஸின் சேலம் நகரில் வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் தன் நாட்குறிப்பில், மெட்ராஸிலிருந்து வந்த ஒருவரை முதல்முறையாகப் பார்த்ததாக எழுதினார். உயரம், நல்ல கறுப்பு, நீண்ட கருமயிர், மென்மையான முகம். கப்பல் கேப்டன் ஒருவரோடு வந்தவர். பெயரைக் குறிக்கவில்லை.

மேரிலாந்து, வர்ஜீனியா கவுன்டி ஆவணங்களில் கிழக்கிந்தியர் என்று குறிக்கப்பட்டவர்களை பால் ஹைனெக் என்ற ஆய்வாளர் குடும்பம் குடும்பமாகத் தொகுத்து இலவசமாக வலையில் வைத்திருக்கிறார். அங்கிருந்து தொடங்குங்கள். ஒன்று தெளிவாகத் தெரியும்: அவர்களில் பலர் சுதந்திரக் கறுப்பர் குடும்பங்களோடு மண உறவு கொண்டு, இரண்டு தலைமுறையில் ஆவணங்களில் 'முலாட்டோ' (கலப்பினத்தவர்) ஆகிவிட்டார்கள்.

எழும்பூர் பொன்னி எழுதியது:

நான் சென்னையில் இருக்கிறேன். இந்தப் பக்கத்துக் கதவைக் கொஞ்சம் திறந்துவிடுகிறேன். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைப் பதிவுகள் இருக்கின்றன. அச்சிட்ட தொகுதிகளும் உண்டு. 1680களின் பதிவுகளைப் படித்தால் நெஞ்சு கனக்கும். பஞ்ச காலத்தில் ஆட்களை வாங்கிக் கப்பலேற்றுவது நடந்தது. அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டதும், 1688-ல் அதைத் தடுத்து உத்தரவிட்டதும் அதே புத்தகங்களில் உண்டு. அப்போது கவர்னர் எலிஹு யேல். 1718-ல் அவர் அனுப்பிய துணி மூட்டைகளையும் புத்தகங்களையும் பெற்றுக்கொண்டுதான் கனெக்டிகட் கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது.

ஆனால் கவனியுங்கள், அந்தக் கப்பல்கள் செயின்ட் ஹெலினா, சுமத்ரா பக்கம் போனவை. அமெரிக்காவுக்கு ஆட்கள் போனதற்கு இதைச் சான்றாகக் காட்ட முடியாது. ஆவணக்காரன் ஐயா சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன்.

ஹூஸ்டன் நிலா எழுதியது:

காகிதம் பேசாத இடத்தில் எலும்பு பேசுகிறது. நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

2003-ல் மேரிலாந்தின் ஆன் அருண்டெல் கவுன்டியில் லீவி நெக் என்ற இடத்தில், 17-ஆம் நூற்றாண்டு வீட்டின் நிலவறைக்குள், குப்பைக்கும் சாம்பலுக்கும் அடியில் ஒரு பையனின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது பதினைந்து, பதினாறு. குறுகலான குழியில் மடக்கித் திணித்திருந்தார்கள். எலும்பில் உள்ள கார்பன் ஐசோடோப்பைப் பார்த்தால், அவன் வாழ்நாளில் தின்றது பெரும்பாலும் கோதுமை வகை. அமெரிக்க மக்காச்சோளத்தின் தடம் குறைவு. அப்படியானால் ஐரோப்பாவிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. முதுகில் கடும் உழைப்பின் தேய்மானம், மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஒப்பந்தக் கூலிப் பையனாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் முடிவு. பக்கத்து வர்ஜீனியாவில் அந்தக் காலத்தில்தான், வேலைக்காரர்களை ரகசியமாகப் புதைக்கக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். ஏன் போட வேண்டி வந்தது என்று இந்தப் பையனைப் பார்த்தால் புரியும்.

நியூயார்க்கில் 1991-ல் அரசுக் கட்டடம் கட்டத் தோண்டியபோது ஆப்பிரிக்கர் இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எலும்புகளை எடுத்தார்கள். 340-ஆம் எண் கல்லறையில் ஒரு பெண். இடுப்பைச் சுற்றி மணிகளும் சோழிகளும், அராவிய பற்கள். வாஷிங்டனின் விளம்பரத்தில் கடல்வழி சொன்ன நெப்டியூனைப் போலவே. அந்த இடுப்பு மணிகளை அவளோடு புதைத்தவர்களுக்கு அதன் பொருள் தெரிந்திருக்கிறது.

இப்போது பழைய எலும்புகளின் மரபணுவைப் பொதுமக்களின் மரபணுத் தரவோடு ஒப்பிட முடிகிறது. மேரிலாந்தின் காடோக்டின் இரும்பு உலை இடுகாட்டில் இருந்த 27 பேருக்கு இன்று உயிரோடு உள்ள உறவினர்கள் 40,000-க்கும் மேல் என்று 2023-ல் வந்த ஆய்வு காட்டியது. வாணி, உங்கள் தேடலுக்கு நாளை இதுவே பெரிய வழியாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

பால்டிமோர் தேவகி எழுதியது:

நிலா, நீங்கள் சொல்வது எல்லாம் சரி, ஆனால் நியூயார்க்கில் நடந்ததன் மறுபாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் அரசு கட்டட வேலையை அவசர அவசரமாகத் தொடர்ந்தது. அங்குள்ள கறுப்பர் சமூகம் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் எலும்புகள் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போயின. என்ன கேள்விகளுக்கு ஆய்வு விடை தேட வேண்டும் என்பதில் வழித்தோன்றல் சமூகத்துக்கும் இடம் கிடைத்தது. 2003-ல் எல்லோரையும் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். 2006-ல் தேசிய நினைவுச் சின்னம் ஆனது. உயிரோடு இருந்தபோது சம்மதம் கேட்கப்படாதவர்கள் இவர்கள். எலும்பையும் கேட்காமல் எடுத்து அரைப்பது எனக்கு ஒப்பவில்லை. காடோக்டின் முடிவுகளைப் படிக்கும்போதும் இந்தக் கேள்வி எழுகிறது: அந்த 40,000 பேரில் யாருக்கெல்லாம் இது தெரியும்?

ஹூஸ்டன் நிலா எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. சார்ல்ஸ்டனில் ஆன்சன் தெருவில் கிடைத்த 36 பேர் விஷயத்தில் அதைத்தான் செய்தார்கள். ஊர் மக்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு மரபணு எடுத்தார்கள். 2019-ல் விழா நடத்தி ஒவ்வொருவருக்கும் பெயர் சூட்டி மறுபடி அடக்கம் செய்தார்கள். ஆனால் ஆய்வே வேண்டாம் என்றால் லீவி நெக் பையன் வெறும் குப்பைமேட்டு எலும்பாகவே இருந்திருப்பான் என்பதையும் யோசியுங்கள்.

கடல்வழி எழுதியது:

மரபணு இல்லாமல், காகிதத்தை மட்டும் வைத்தே சங்கிலி முழுதாகக் கிடைத்த ஒரு கதை சொல்கிறேன். அபூர்வமானது.

1756-ல் 'ஹேர்' என்ற கப்பல் சியரா லியோனிலிருந்து தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு வந்தது. எலியாஸ் பால் என்ற நெல் தோட்ட முதலாளி அதிலிருந்து சில சிறுவர் சிறுமியரை வாங்கித் தன் கணக்கில் குறித்தார். அதில் பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு பிரிசில்லா என்று பெயர் வைத்தார். பால் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் புத்தகங்களைக் கட்டிவைத்திருந்ததால், பிரிசில்லாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று விடுதலைக் காலம் வரை வர முடிந்தது. அந்தக் கப்பலைப் பற்றிய காகிதங்கள் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் கிடைத்தன. இரண்டையும் சேர்த்ததில் அவளுடைய வழித்தோன்றல் ஒருவர் 2005-ல் சியரா லியோன் போனார்; அங்கே அவரை ஊரே வரவேற்றது.

சியரா லியோன் பக்கத்து ஆட்களை ஏன் தேடி வாங்கினார்கள் என்றால், அவர்களுக்கு நெல் சாகுபடி தெரியும். சதுப்பு நிலத்தில் வரப்பு கட்டி, மடை வைத்து, தண்ணீர் பாய்ச்சி நடும் வித்தை அவர்களுடையது. டெல்டாக்காரனான எனக்கு இதைப் படிக்கும்போது அந்தப் பத்து வயதுப் பெண் தன் ஊரில் எந்த வயலில் நின்றிருப்பாள் என்று யோசனை ஓடுகிறது.

கப்பல் பயணங்களின் பெரிய தரவுத்தளம் ஒன்று வலையில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஏற்றப்பட்ட சுமார் 1 கோடியே 25 லட்சம் பேரில், இன்றைய அமெரிக்க நிலப்பகுதிக்கு நேராக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு என்பது அதிலிருந்து தெரியும். பெயரைத் தேடி அங்கே போகாதீர்கள். கேப்டன் பெயர் இருக்கும், முதலாளி பெயர் இருக்கும், மற்றவர்கள் எண்ணிக்கைதான்.

பால்டிமோர் தேவகி எழுதியது:

முதலாளிகளின் கணக்கில் இல்லாத ஒன்றுக்கு நான் வருகிறேன்: அவர்களே சொன்ன வார்த்தை. அது பெரும்பாலும் கிடைப்பது விடுதலை வழக்குகளில்.

மேரிலாந்தில் 1681-ல் எலினார் பட்லர் என்ற ஐரிஷ் ஒப்பந்த வேலைக்காரி, சார்ல்ஸ் என்ற அடிமையைத் திருமணம் செய்துகொண்டாள். அப்படி மணந்தால் கணவன் இருக்கும்வரை அவளும் அடிமை, பிள்ளைகளும் அடிமைகள் என்று 1664 சட்டம் சொன்னது. மேரிலாந்து காலனியின் உரிமையாளரான பால்டிமோர் பிரபுவே அவளை எச்சரித்தாராம். உங்களோடு இருப்பதைவிட சார்ல்ஸோடு இருப்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளாம். அவள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அடிமைகளாகவே வாழ்ந்தார்கள்.

1760களில் வில்லியம், மேரி பட்லர் என்ற வழித்தோன்றல்கள் விடுதலை கேட்டு வழக்குப் போட்டார்கள். ஊர்க் கிழவர்களைக் கூப்பிட்டு, உங்கள் அப்பா, தாத்தா எலினாரைப் பற்றி என்ன சொல்லக் கேட்டிருக்கிறீர்கள் என்று சாட்சியம் வாங்கினார்கள். கல்யாணத்தன்று அவள் அழுதாளா, சிரித்தாளா என்பது முதல் அந்த சம்பாஷணை வரை நமக்குத் தெரிவது அந்தச் சாட்சியங்களால்தான். முதலில் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்றார்கள். விடவில்லை. அவர்கள் மகள் இன்னொரு மேரி மறுபடி வழக்குப் போட்டு 1787-ல் ஜெயித்தாள். அவளைப் பார்த்துப் பட்லர் குடும்பத்தார் பலர் கோர்ட்டுக்குப் போனார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஒரு குடும்பம் தன் பாட்டியின் பெயரையும், அவள் சுதந்திரப் பெண்ணாக வந்தாள் என்பதையும் வாய்வழியே காப்பாற்றியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் நினைவு நீதிமன்றத்தில் சான்றாக நின்றது. இந்த இழையில் வந்த எல்லாவற்றிலும் எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான்.

ரிச்மண்ட் வாணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை வழி இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் தட்டச்சு செய்த பட்டியலில் தாயும் குழந்தையும் வரும் ஒரு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அந்த முதலாளியின் உயில், அவர் விதவையின் மறுமணம், வரிப் பட்டியல், கோர்ட்டு உத்தரவுப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அந்தத் தாயின் வயது தீர்மானிக்கப்பட்ட பதிவு எங்காவது இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேடப்போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆவணக்காரன் எழுதியது:

உத்தரவுப் புத்தகத்தில் பெயர் அட்டவணையை நம்பாதீர்கள். அதில் முதலாளிகளின் பெயர்தான் இருக்கும். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். விதவை மறுமணம் செய்திருந்தால் தாயும் குழந்தையும் இரண்டாவது கணவன் பெயருக்குக் கீழே போயிருப்பார்கள், பெரும்பாலோர் அங்கேதான் தடத்தை விடுகிறார்கள். பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் சொத்துப் பிரிக்கத் தகராறு வந்திருக்கும். இப்படிப்பட்ட சொத்துத் தகராறுகளை விசாரித்த வர்ஜீனியாவின் சான்சரி கோர்ட்டு வழக்குகளை உங்கள் நூலகமே அட்டவணை போட்டு வலையில் வைத்திருக்கிறது. ஒரே வழக்கில் இரண்டு மூன்று தலைமுறை ஆட்களின் பெயர் வரிசையாகக் கிடைத்த இடங்கள் உண்டு. சில கவுன்டிகளின் ஆவணங்கள் தீயில் போய்விட்டன, உங்களுடையது அதில் ஒன்றா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கையெழுத்து புரியாத பக்கங்களை இங்கே படமாகப் போடுங்கள். நானும் தேவகியும் சேர்ந்து படித்துத் தருகிறோம்.